அறுந்த நூலும் அறாத கயிறும்

1. மூன்றாவது புகார்

மூன்றாவது முறையும் நூல் அறுந்துவிட்டது என்று முசே ரெனே போனில் கத்தியபோது, நான் டெஸ்ட் பெஞ்ச் பக்கத்தில் நின்று ஒரு டிப்பர் லாரி சிலிண்டரை அளந்துகொண்டிருந்தேன். கோடைக்காலம், சனிக்கிழமை, காலை பதினோரு மணி.

"மதாம், நீங்க குடுத்தது கயிறா, பூ கட்டுற நாரா? மூணு தடவ ஆயிடுச்சி! இன்னிக்குக் காலையில என் ஸ்டூடண்ட் பாதி ஏறும்போதே அறுந்து தொப்புனு வந்து எறங்குனாரு. கால் பெசகிடுச்சி. எலும்பு ஒடைஞ்சிருந்தா யார் பதில் சொல்றது?"

"நூலைப் பார்த்துட்டுச் சொல்றேன் முசே."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? தடிமனா ஒண்ணு அனுப்புங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம, எனக்கு ஆளுங்க வராங்க."

முசே ரெனே எங்கள் ஊர் சொல்தா குடும்பத்துக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். அங்கே கற்றுக்கொண்ட பாராகிளைடிங்கை இங்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். புதுச்சேரியில் மலை ஏது? சமதரையில் நிற்கிற ஆளைக் கயிறு கட்டி, அதைச் சுருட்டுகிற விஞ்ச் வைத்து இழுத்தால், பட்டம் ஏறுவதுபோல, துணிச் சிறகான விங்கும் ஆளும் மேலே ஏறுவார்கள். போதுமான உயரம் வந்ததும் கயிற்றைக் கழற்றிவிட்டுப் பறப்பார்கள். அந்த விஞ்சைத்தான் நாங்கள் செய்து கொடுத்தோம்.

நான் வேலை பார்த்தது தொழிற்பேட்டையில் இருந்த ஒரு ஹைட்ராலிக்ஸ் கம்பெனியில். குவாலிட்டி இன்சார்ஜ். பெயர் பெரிதாக இருந்தாலும் அந்தப் பிரிவில் ஆள் நான் ஒருத்திதான். டிப்பர் சிலிண்டர், பவர் பேக், போட்டில் வலை இழுக்கிற விஞ்ச் என்று செய்துகொண்டிருந்தோம். ஆளை மேலே தூக்குகிற மெஷின் எதையும் அதுவரை செய்ததில்லை. எங்கள் முதலாளி கோவிந்தராஜு சார், ரெனே வந்து கேட்ட அன்றே ஒத்துக்கொண்டார். "வலைய இழுக்குறோம், ஆள இழுக்க முடியாதா?" என்று சிரித்தார். அந்த டிசைனில் இரண்டு மெஷின் செய்தோம். முதலாவது ரெனேவுக்கு. இரண்டாவது திருவண்ணாமலை தாண்டி ஓர் ஊரில் இதே தொழில் செய்கிற ஒருவருக்கு.

ரெனே நூல் என்று சொன்னது வீக் லிங்க்கை. இழுகயிற்றுக்கும் பறக்கிறவருக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்தில் மெல்லிய கயிற்றுத் துண்டு ஒன்றைக் கட்ட வேண்டும். விஞ்ச் அளவுக்கு மீறி இழுத்தால் அந்தத் துண்டு அறுந்து ஆளை விடுவிக்கும். வீட்டு ஃபியூஸ் மாதிரி. எங்கள் விஞ்ச் இழுக்க வேண்டிய அதிகபட்சம் நூற்றுப் பத்து கிலோ. வீக் லிங்க் அறுந்துபோக வேண்டியது நூற்று ஐம்பதில்.

புகார் வந்தால் செய்கிற வேலையை உடனே செய்தேன். ஸ்டோரில் அதே பேட்சில் மீதம் இருந்த வீக் லிங்க்கில் ஐந்தை எடுத்து பெஞ்சில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். நூற்று நாற்பத்தொன்பது, நூற்று ஐம்பத்திரண்டு, நூற்று ஐம்பத்தைந்து. ஐந்தும் அந்த வரம்பில்தான் அறுந்தன. 'பொருள் சரி. குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளியிடம் காட்டினேன். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"சரியா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கஸ்டமர் தடிமனா கேக்குறான். குடுத்துட்டுப் போ கலாம்மா."

எட்டு எம்எம் நைலான் கயிற்றில் துண்டு போட்டார்கள். மெஷின்களைப் பூட்டுகிற அசெம்பிளி பாஸ்கர், ரெனே பறக்கவிடுகிற வில்லியனூர் பக்கம் போகிறவர், கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வெளியே போகிற பொருளுக்கான சீட்டிலும் கையெழுத்து என்னுடையதுதான்.

2. நெல்லித்தோப்பு சிக்னல்

அன்று நாலரை மணிக்கே கிளம்பினேன். நெல்லித்தோப்பில் இருக்கிற என் தங்கை வீட்டில் அவள் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த பேச்சு. மூத்தவள் நான் இல்லாமல் முடிவு சொல்ல மாட்டேன் என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.

காலையிலிருந்தே ஏதோ சரியில்லை. வெயில் என்று நினைத்தேன். ஸ்கூட்டரை நெல்லித்தோப்பு சிக்னலில் நிறுத்திவிட்டு, சிவப்பு விளக்கில் குறைகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது புத்தியில் உறைத்தது.

நூல் நூற்று ஐம்பதில்தான் அறுகிறது என்று இன்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விஞ்ச் நூற்றுப் பத்துக்கு மேல் இழுக்காது என்று இரண்டு மாதம் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டும் உண்மை என்றால் நூல் அறுந்திருக்கவே கூடாது. ஒரு தடவைகூட.

மூன்று தடவை அறுந்திருக்கிறது.

நூல் டெஸ்ட்டை இன்றைக்கு என் கையால் செய்தேன். அதில் பொய் இல்லை. அப்படியானால் பொய் மற்றக் காகிதத்தில்தான் இருக்க வேண்டும். விஞ்ச் நூற்று ஐம்பதுக்கு மேல் இழுக்கிறது. எச்சரித்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, அறாத கயிறு ஒன்றைக் கட்டச் சொல்லி நாங்களே கொடுத்தனுப்பியிருக்கிறோம்.

பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பச்சை விழுந்திருந்தது. நான் வண்டியைத் திருப்பினேன்.

ரெனேவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். முதலாளி ஒரு கல்யாணத்துக்கு விழுப்புரம் போயிருந்தார். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தங்கை என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "வேலை இருக்குடி, வரேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவள் அந்தப் பேச்சை இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

கம்பெனிக்கு வந்தேன். ஸ்டோர் கீப்பர் போய்விட்டிருந்தார். டெஸ்ட் ரூம் சாவி என்னிடம் உண்டு. அங்கே ஒரு டிஜிட்டல் க்ரேன் ஸ்கேல் இருந்தது. கொக்கியில் மாட்டித் தொங்கவிடுகிற தராசு. அதில் பீக் ஹோல்டு பட்டனை அழுத்திவிட்டால், ஒரு நொடியில் வந்து போகிற அதிகபட்ச இழுவையையும் பிடித்து வைத்துக் காட்டும். காலையில் ரெனேவின் இடத்துக்கே கொண்டுபோய் அளக்கலாம் என்று அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். கேட் பாஸ் இல்லை. இருபத்துநாலு வருஷத்தில் கேட் பாஸ் இல்லாமல் ஒரு ஸ்பேனரைக்கூட நான் வெளியே விட்டதில்லை. வாட்ச்மேன் என் பையைச் சோதிக்கவே மாட்டார் என்று தெரியும். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

மூலக்குளத்தில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து, கையோடு எடுத்து வந்த மெஷின் ஃபைலை விரித்தேன். அதில் ஒரு டீவியேஷன் நோட் இருந்தது. டிசைனிலிருந்து ஏதாவது மாற்றிச் செய்ய வேண்டியிருந்தால், அதற்கு அனுமதி கேட்கிற தாள் அது. டிராயிங்படி ரிலீஃப் வால்வு ஹைட்ராலிக் மோட்டாரோடு ஒட்டி, போல்ட் போட்டு உட்கார வேண்டும். அழுத்தம் அளவைத் தாண்டினால் அந்த வால்வுதான் திறந்து ஆயிலை வழிய விடும். நாங்கள் வாங்கிய வால்வு பிளாக், கயிறு சுற்றுகிற டிரம்மின் மூடிக்குள் அடங்கவில்லை. பாஸ்கர் அதை டேங்க் பக்கம் நகர்த்தி, ஒன்றரை மீட்டர் ஹோஸும் எல்போ என்கிற ஒரு வளைவு இணைப்பும் போட்டு இணைக்கலாமா என்று கேட்டிருந்தார். கீழே என் எழுத்தில் இருந்தது: 'டெஸ்ட் செய்யப்பட்டது. செயல்பாட்டில் பாதிப்பு இல்லை.'

டெஸ்ட் செய்தேன்தான். கயிற்றை ஒரு அசையாத கொக்கியில் மாட்டி இழுக்கவிட்டு, நூற்றுப் பத்து வந்ததும் நிறுத்திவிட்டேன்.

3. ஏரியில்

வில்லியனூர் தாண்டி, கோடையில் தண்ணீர் வற்றிவிடும் ஓர் ஏரியில்தான் ரெனே பறக்கவிடுவார். காலை காற்று பதமாக இருக்கும்போது ஆறரைக்கே ஆரம்பித்துவிடுவார். நான் ஆறு மணிக்கே போயிருக்க வேண்டும். வழி தவறி ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டேன். ஏரிக்கரை மேல் ஏறியபோது மணி ஏழு ஆகியிருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு விங், மஞ்சள் நிறம், வானத்தில் நின்றது. கயிறு கழன்று விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் ஏற்கெனவே ஏறிவிட்டார். வண்டியை அப்படியே கரையிலிருந்து ஏரிக்குள் இறக்கினேன். வெடித்துக் கிடந்த மண்ணில் எலும்பெல்லாம் ஆடியது.

விஞ்ச் ஒரு டிரெய்லரில் நின்றது. அதன் இருக்கையில் ராஜவேலு. பிள்ளைச்சாவடிக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். போட்டில் வலை விஞ்ச் ஓட்டிப் பழகியவர் என்று ரெனே அவரை வேலைக்கு வைத்திருந்தார். அறுநூறு மீட்டர் தள்ளி, ஏரியின் அந்தக் கோடியில், அடுத்த விங் விரித்திருந்தது. ரெனேவும் அவருக்கு முன்னால் ஒரு பெண்ணும் ஒரே விங்கில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் சேர்ந்து போகிற டேண்டம்.

ராஜவேலுவின் கையில் இருந்த வாக்கி டாக்கியில் ரெனே குரல் வந்தது. "ரெடி, ரெடி. மெதுவா எடு."

ராஜவேலு லீவரில் கை வைத்தார்.

"இழுக்காதீங்க ராஜவேலு!"

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னா மேடம், நீங்க எங்க இங்க?"

"இழுக்காதீங்க. மெஷின்ல தப்பு இருக்கு."

"ரெனே சார் சொல்லணுமே."

"நான் சொல்றேன். மெஷின்ல கையெழுத்து என்னுது."

அவர் லீவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கையை எடுத்துவிட்டார். எஞ்சினையும் அணைத்தார். வாக்கி டாக்கி அலறியது. "அலே, அலே! இழு, இழு! என்ன ஆச்சு? ராஜவேலு!"

ராஜவேலு அதைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன் மேடம். காத்து தூக்கும்போது ஒதறுது. வலை விஞ்சி இப்புடி ஒதறாது. ஒனக்கு ஓட்டத் தெர்லன்றாரு. நேத்து அந்தத் தடி கயிறு வந்ததுல இருந்து எனக்கு கையே வர்ல."

ரெனே உடம்பில் மாட்டியிருந்த ஹார்னஸ் வாரைக் கழற்றாமல் அதோடே நடந்து வந்தார். அறுநூறு மீட்டர். அவர் வந்து சேர்வதற்குள் பையிலிருந்து க்ரேன் ஸ்கேலை வெளியே எடுத்து வைத்தேன்.

"மதாம், அந்தப் பொண்ணு சென்னையிலேர்ந்து வந்திருக்கு. இன்னும் நாலு பேர் உக்காந்திருக்காங்க. தடி கயிறு போட்ட பொறவு ஒரு ஃபிளைட் நல்லா போயிடுச்சி. இப்ப வந்து தப்புன்றீங்க. என்னா தப்பு?"

"நூல் நல்ல நூல் முசே. நூத்தம்பதுக்கு மேல இழுவை வந்ததாலதான் அறுந்துச்சு."

"மீட்டர்ல நூத்திப் பத்த தாண்டலியே?"

"அந்த கேஜ்ல கிளிசரின் இருக்கு. முள்ளு மெதுவாத்தான் நகரும். சட்டுனு வந்து போறத அது காட்டாது. பத்து நிமிஷம் குடுங்க, காட்டுறேன்."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "பத்து நிமிஷம்."

ரெனேவின் ஜீப்பைப் பின்னோக்கி நிறுத்தி, அதன் கொக்கியில் க்ரேன் ஸ்கேலை மாட்டி, இழுகயிற்றை அதில் கட்டினோம். ராஜவேலு எஞ்சினைப் போட்டு இழுத்தார். ஸ்கேலில் எண் ஏறியது. தொண்ணூறு, நூறு, நூற்று எட்டு. அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடி இழுக்கச் சொன்னேன். நூற்று ஒன்பது. மூன்றாவது தடவை, நூற்று எட்டு.

ரெனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் மற்றவர்களும் நடந்து வந்து சுற்றி நின்றிருந்தார்கள். யாரோ சிரித்தது காதில் விழுந்தது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். தொழிற்சாலையில் செய்த அதே டெஸ்ட்டைத்தான் இங்கே வந்தும் செய்கிறேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அதைப் பிடித்தவர் ராஜவேலுதான்.

"கட்டி வெச்ச வண்டிய இழுத்தா எப்புடி மேடம் ஒதறும்? காத்து ஆள பின்னுக்கு இழுக்கும்போதுதான் ஒதறுது. வண்டிய அப்புடி ஓடச் சொல்லுங்க."

ஆமாம். மேலே காற்று ஒரு தட்டு தட்டினால் விங் பின்னால் விலகும். அப்போது விஞ்ச் இழுப்பதை விட்டுவிட்டுக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறியதும் ரிலீஃப் வால்வு அந்த நொடியே திறந்து ஆயிலை வழிய விட வேண்டும். எங்கள் வால்வு ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒரு எல்போவுக்கு அப்பால் இருந்தது. அழுத்தம் அங்கே போய்ச் சேர்ந்து வால்வு திறப்பதற்குள் கயிறு ஒரு உதறு உதறிவிடும்.

ரெனேவே ஜீப்பில் ஏறினார். விஞ்ச் இழுத்துப் பிடித்திருக்கும்போது அவர் எதிர்ப்பக்கமாக வண்டியைச் சட்டென்று நகர்த்தினார். கயிறு ஒரு முறை விண்ணென்று தெறித்தது. டிரெய்லரே ஒரு அங்குலம் நகர்ந்தது. கேஜ் முள் லேசாக நடுங்கியதோடு சரி.

நான் ஓடிப்போய் ஸ்கேலைப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

ரெனே இறங்கி வந்து குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். அழித்துவிட்டு இன்னொரு தடவை செய்யச் சொன்னார். இருநூற்று நாலு. அவர் அந்தத் தடிமனான நைலான் துண்டைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். விங் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிற நேரத்தில் இப்படி ஒரு இழுவை வந்தால் அது நிமிராது, தரையைப் பார்த்துத் திரும்பிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"நேத்து அந்தப் பையன் கால் பெசகுனதுக்கு உங்கள திட்டுனேன்" என்றார். "அந்த நூல் அறாம இருந்திருந்தா?"

அந்தத் தடி கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டேன். பிறகு அவர் அந்தப் பெண்ணிடம் போய் இன்றைக்குப் பறக்க முடியாது என்று சொன்னார். அவள் அழுதுவிட்டாள். பிறந்தநாளாம்.

4. திங்கட்கிழமை

முதலாளி கேபினுக்குள் நான் போவதற்கு முன்பே ரெனே அவருக்குப் போன் செய்துவிட்டிருந்தார்.

"க்ரேன் ஸ்கேலுக்கு கேட் பாஸ் எங்க?" அதுதான் முதல் கேள்வி.

"போடல சார்."

"யாரக் கேட்டு கஸ்டமர் எடத்துக்குப் போன? ஞாயித்துக்கெழம, அத்தினி பேர் முன்னாடி, நம்ம மெஷின் தப்புன்னு நம்ம வாயாலயே சொல்லிட்டு வந்திருக்கியே கலாம்மா. எங்கிட்ட சொன்னா நான் பக்குவமா பேசியிருக்க மாட்டேனா?"

"சனிக்கெழம ஒம்போது தடவ கூப்ட்டேன் சார்."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

பாஸ்கரைக் கூப்பிட்டார். பாஸ்கர் வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "சார், மேடம் கையெழுத்துப் போட்ட பொறவுதான் வால்வ நவுத்துனேன். தாள் இருக்குது."

அது உண்மை. வாசலில் நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது. இருபத்துநாலு வருஷமாக மற்றவர்கள் தவற்றைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டவள் நான். உட்காரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

"அவர் மேல தப்பு இல்ல சார். அவர் கேட்டாரு. நான்தான் அரைகுறையா டெஸ்ட் பண்ணிட்டு சரின்னேன்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார்.

"எவ்ளோ காட்டுச்சு?"

"எரநூத்தி பன்னெண்டு."

"நூத்திப் பத்துக்கு?"

"ஆமா சார்."

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும், அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அதே கேள்வியோடுதான் வந்திருந்தேன்.

"ரெண்டாவது மெஷினும் இதே மாதிரிதானா?"

"அதே தாள்தான் சார். ரெண்டுக்கும் சேத்துதான் போட்டேன்."

5. நன்றாக ஓடுகிற மெஷின்

திருவண்ணாமலைக்காரரின் நம்பர் முதலாளியிடம் மட்டும்தான் இருந்தது. அவர் ஸ்பீக்கரில் போன் போட்டார். நாங்கள் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றோம்.

"சூப்பரா ஓடுது சார். ஒரு பிரச்சினையும் இல்ல. நானே உங்களுக்குப் போன் பண்ணி சொல்லணும்னு இருந்தேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. அங்கே ஒரு தடவைகூட நூல் அறவில்லையா? பிறகு, ஏன் அறவில்லை என்று யோசித்தேன். நான் குனிந்து போனுக்குள் கேட்டேன்.

"வீக் லிங்க் எத்தனை மாத்தியிருக்கீங்க?"

"எது மேடம்?"

"மெல்லிசா ஒரு கயிறு. பாக்கெட்ல போட்டு அனுப்பியிருந்தோம்."

"அதுவா!" அவர் சிரித்தார். "அதப் பாத்தாலே பயமா இருந்துச்சி மேடம். மனுஷன் எடையத் தாங்குமா அது? மொத நாளே தூக்கிப் போட்டுட்டு நல்ல நைலான் கயிறா கட்டிட்டோம். அதான் ஒரு பிரச்சினையும் இல்ல."

இரண்டு மாதமாக அங்கே ஆட்கள் அறாத கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ரெனே மூன்று முறை திட்டினார். இவர் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

"தம்பி, இன்னிக்கு ஓட்டாதீங்க" என்றார் முதலாளி.

"பதினோரு மணிக்கு காலேஜ் பசங்க வராங்க சார். பத்து பேரு."

"ஓட்டாதீங்கன்றேன்."

"நல்லா ஓடுற மெஷின எதுக்கு சார் நிறுத்தணும்?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். பக்குவமாகப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மெஷின் தப்பு தம்பி. நாங்க பண்ண தப்பு. பசங்கள ஏத்தாத. நான் நேர்ல வரேன்."

"சரி சார்" என்றார் அவர்.

சரி என்றாரே தவிர நிறுத்துவாரா என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. பதினைந்தே நிமிடத்தில் கிளம்பினோம். வால்வு பிளாக், டூல் பாக்ஸ், வெல்டிங் செட், ஒரு பை வீக் லிங்க், க்ரேன் ஸ்கேல். அதற்கு கேட் பாஸ் முதலாளியே எழுதினார். வண்டியை அவரே ஓட்டினார். விழுப்புரம் வழியாகப் போனோம். பதினொன்று அடித்ததும் நான் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. பதினொன்றேகாலுக்கு மறுபடி. எடுக்கவில்லை. பாஸ்கர் பின்சீட்டிலிருந்து, "கிரவுண்டுல டவர் இருக்காது மேடம்" என்றார். இரண்டு தடவை சொன்னார். ஒரு ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றோம். முதலாளி கீழே இறங்கி, கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது ஒரு வேப்பமரத்தடியில் பத்துப் பையன்கள் உட்கார்ந்து கல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விங் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. விஞ்ச் மேல் தார்ப்பாய். அந்த ஆள் எங்களைப் பார்த்ததும் கோபமாக எழுந்து வந்தார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேரையும் எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

பிறகு வேலை. டிரம் மூடியில் சதுரமாக ஒரு ஓட்டை வெட்டி, வால்வு பிளாக்கை மோட்டாரோடு ஒட்டி உட்கார வைத்து, வெளியே துருத்திக்கொண்டு நின்ற பாகத்துக்கு பாஸ்கர் ஒரு தகரப் பெட்டி வெல்டு செய்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பழைய வேனில் கயிற்றைக் கட்டி ஓடவிட்டுச் சோதித்தோம். நூற்று இருபத்தாறு. இன்னொரு தடவை, நூற்று இருபத்தொன்பது. நூற்று ஐம்பதில் அறுகிற எங்கள் வீக் லிங்க்கை என் கையால் கட்டினேன்.

வியாழக்கிழமை ரெனேவின் மெஷினும் அதேபோல மாறியது. முதல் ஃபிளைட்டுக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். "வாங்க மதாம், நீங்க செஞ்ச மெஷின்ல நீங்களே மேல வாங்க." மாட்டேன் என்றேன். பயம்தான், வேறு காரணம் இல்லை. அவர் தனியாக ஏறினார். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் டிரம்மையும் கயிற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ராஜவேலு லீவரில் கை வைத்தபடி, "ஒதறல மேடம்" என்றார். நூல் அறவில்லை. அப்புறம்தான் தலையைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு நான் பணியில் இருந்தது நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் இரண்டு வேலைகளை விடாமல் செய்தேன். ஓடுகிற மெஷினை ஓடவிட்டுத்தான் டெஸ்ட் செய்வேன். கொக்கியில் கட்டி வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. மற்றொன்று போன். அனுப்பிய மெஷினைப் பற்றி ஒரு மாதம் தகவல் இல்லை என்றால் நானே கூப்பிடுவேன். நன்றாக ஓடுகிறதா என்று கேட்க மாட்டேன். காலையில் எப்படி ஸ்டார்ட் செய்கிறீர்கள், நாங்கள் கொடுத்ததில் எதையெல்லாம் கழற்றினீர்கள், அதற்குப் பதிலாக எதை மாட்டினீர்கள் என்று கேட்பேன். பலருக்கு எரிச்சல் வரும். "உங்களுக்கு வேற வேல இல்லியா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். வேலையே அதுதான் என்றேன். இப்போது டெஸ்ட் பெஞ்சில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான். புகார் சொல்கிற கஸ்டமர் உங்களுக்கு வேலை வைக்கிறார், அவ்வளவுதான். புகாரே வராத மெஷினை ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

முசே ரெனே அன்று போனில் என்னென்ன திட்டினார் என்பது பாதி மறந்துவிட்டது. திருவண்ணாமலைக்காரர் சிரித்துக்கொண்டே "ஒரு பிரச்சினையும் இல்ல" என்றது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது கேட்டால், எழுந்து நாலு நடை நடந்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்கிறேன்.